அம்மாவுக்கு ஒரு பெயர் போதாதாம், மைல் தர மறுக்கிறார்கள்

வைகைத்தண்ணி
ஞாயிறு, இரவு 11:52

புலம்பத்தான் வந்திருக்கிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த விமான நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. நான் சிகாகோவில் இருக்கிறேன், அம்மா விருதுநகர் பக்கம். ஊருக்குப் போய்வந்ததிலும் ஆபீஸ் வேலையாகச் சுற்றியதிலும் சேர்ந்த மைல்கள், அதாவது பறப்பதற்கு விமான நிறுவனம் நம் கணக்கில் போடுகிற புள்ளிகள், எண்பதாயிரத்துச் சொச்சம் கிடந்தன. அம்மா இங்கே வருவதற்கு அதில் டிக்கெட் போட்டுவிடலாம் என்று ஆசைப்பட்டேன், அங்கே பிடித்தது சனி.

சென்னையிலிருந்து சிகாகோவுக்கு 62,500 மைல், வரி மட்டும் தனியாகப் பணம் என்று காட்டியது. சரி என்று உள்ளே போனால் பெயர் கேட்கிற பக்கம். முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம். அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே பெயர், பேச்சியம்மாள். சர்நேம் என்ற இடம் காலி. அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைத் தூக்கி சர்நேமில் வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்திருக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாம். எங்கள் தெருவில் பேச்சியம்மாள் வீடு என்று கேட்டால் பால்காரர் கூட்டிக்கொண்டு வந்து விடுவார், இவர்களுக்குத் தெரியவில்லை.

நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுங்கள் என்று இருந்தது. அதன்படி முன்பே அம்மாவுக்கு உறுப்பினர் கணக்கு தொடங்கி என் குடும்பக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். ஆக அங்கே அம்மா பேச்சியம்மாள் பேச்சியம்மாள். டிக்கெட்டிலும் அதையே போட்டு, வரிக்கு கார்டு எண் கொடுத்து, கடைசிப் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. நாலு நிமிடம் சுற்றிவிட்டு "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்றது. கணக்கைத் திறந்து பார்த்தால் 62,500 மைல் போய்விட்டது. டிக்கெட் இல்லை, மெயில் இல்லை, ஆறெழுத்து பிஎன்ஆர் இல்லை. கார்டில் வரி எடுக்கவும் இல்லை. மீண்டும் முயலவும் என்றால் எதை வைத்து முயல்வது, மிச்சம் இருபதாயிரம்தானே இருக்கிறது?

போன் போட்டேன். ஒரு மணி நாற்பது நிமிடம் பாட்டு கேட்டேன். எடுத்த பெண் பாவம் நன்றாகத்தான் பேசினாள், 72 மணி நேரத்தில் மைல் திரும்பிவிடும் என்றாள். அந்த 72 மணி நேரத்தில் அந்த இடம் இருக்குமா என்று கேட்டதற்கு பதில் இல்லை. அம்மாவோடு துணைக்கு வருகிற பக்கத்து வீட்டு அக்கா அதே விமானத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டதால் தேதியை மாற்றவும் வழியில்லை. மறுநாள் காசு கொடுத்தே போகவர எடுத்தேன். முந்தின நாள் 1,22,000 ரூபாய் காட்டியது, அன்றைக்கு 1,38,000.

இந்தத் தடவை போனிலேயே போட்டதால் அவர்கள் விசாவில் இருக்கிறபடிதான் போடுவோம் என்று முதல் பெயரை எஃப்என்யூ என்று அடித்தார்கள். உறுப்பினர் எண்ணைச் சேர்க்கச் சொன்னால் பெயர் பொருந்தவில்லை, பயணம் முடிந்தபின் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மைல் திரும்பியது பத்தொன்பதாவது நாள். 62,500 அல்ல, 51,100. மீதி 11,400 காலாவதியாம். எடுத்தபோது உயிரோடு இருந்த மைல்கள், அவர்கள் கையில் இருந்த பத்தொன்பது நாளில் தேதி முடிந்து செத்துவிட்டன.

அம்மா வந்து சேர்ந்தபிறகு அவர் பறந்ததற்கான மைலைக் கேட்டு விண்ணப்பித்தேன். நிராகரிப்பு, டிக்கெட்டில் எஃப்என்யூ பேச்சியம்மாள், கணக்கில் பேச்சியம்மாள் பேச்சியம்மாள். சரி, கணக்கில் பெயரை மாற்றுங்கள் என்றால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை அனுப்பு என்கிறார்கள். அனுப்பினால், இதில் ஒரு பெயர்தான் இருக்கிறது, இரண்டு பெயரும் உள்ள பக்கத்தை அனுப்பு. விசாவை அனுப்பினால், பாஸ்போர்ட் மட்டுமே ஏற்கப்படும். மூன்று தடவை இந்தச் செக்கை இழுத்துவிட்டேன். இதிலிருந்து வெளியே வந்தவர் யாராவது உண்டா?


கரிசல்காட்டான்
திங்கள், காலை 6:10

வெளியே வந்தவன் இல்லை, உள்ளே இருப்பவன். எனக்கு இரண்டு பெயர் உண்டு, இருந்தும் போர்டிங் பாஸில் மரியாதைக்குப் போடுகிற மிஸ்டரைப் பெயரோடு ஒட்டி செல்வம்எம்ஆர் என்று அடிக்கிறார்கள். கட்சியில் கொடுத்த பட்டம் மாதிரி இருக்கிறது.


டிக்கெட்_அண்ணாச்சி
திங்கள், காலை 9:35

தம்பி, தூத்துக்குடியில் இருபது வருடத்துக்கு மேல் டிக்கெட் போட்டுக்கொண்டு இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேச்சியம்மாளாவது வருவார்கள். நம் ஆட்களுக்கு இன்ஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள் கிவன் நேமில் பெயரைப் போட்டு சர்நேமை அப்படியே விட்டுவிட்டார்கள். சிலர் இன்ஷியலையே சர்நேமில் போட்டார்கள், அது வேறு கூத்து. ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயராக வாங்காத இணையதளம் உண்டு, குறைந்தது இரண்டெழுத்து வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

ஒற்றைப் பெயருக்கு ஊருலகத்துக்குப் பொதுவான ஒரு முறை இல்லை. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று எஃப்என்யூ, இன்னொன்று கடைசிப் பெயர் தெரியவில்லை என்று எல்என்யூ, சிலர் முதல் பெயரில் வெறும் எம்ஆர்எஸ் என்று போட்டு அனுப்புவார்கள். உன் விஷயத்தில் ஒரே நிறுவனத்தின் இணையதளம் ஒரு முறை, போன்காரர்கள் ஒரு முறை. பெயர் இரண்டானது அங்கேதான். அமெரிக்கப் பயணத்துக்கு விசாவில் உள்ளபடி போட்டதில் தப்பில்லை, அதை விட்டுக்கொடுக்காதே. மைல் போனால் போகிறது, கவுண்டரில் அம்மாவை நிறுத்திவைத்தால் யார் பேசுவது?

2022 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் ஏற்ற மாட்டோம் என்று ஐக்கிய அமீரகம் திடீரென்று சொன்னது. என் கடையில் அன்றைக்கு ஒரே அழுகை. பின்னால் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்று தளர்த்தினார்கள். அதிலிருந்து ஒற்றைப் பெயரோடு யார் வந்தாலும், அடுத்த தடவை புதுப்பிக்கும்போது பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா ஊருக்குத் திரும்பியதும் அதைச் செய். ஆனால் விசா பழைய பெயரில் இருக்கிறது, அதையும் யோசித்துச் செய்.


வைகைத்தண்ணி
திங்கள், காலை 10:20

அண்ணாச்சி, கவுண்டரில் நிறுத்தத்தான் செய்தார்கள். சென்னையில் நாற்பது நிமிடம், எஃப்என்யூ யார் என்று ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தர் வந்து விசாவைப் பார்த்து, அப்புறம்தான் விட்டார்கள். பெயரைப் பிரிக்கச் சொன்னால் அம்மா சம்மதிக்க மாட்டார். "எங்க அம்மாச்சி பேரு, அதை எதுக்கு வெட்டணும்" என்பார்.


பின்னிரவு_நிரலர்
திங்கள், இரவு 1:15

விமான முன்பதிவு மென்பொருளில் சில வருடம் வேலை பார்த்தவன், உங்களுடைய நிறுவனத்தில் அல்ல. அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960களில் சேபர் என்ற முன்பதிவு அமைப்பைக் கட்டினார்கள். இன்று எல்லோரும் நடக்கிற பாதை அந்தக் காலத்தில் போட்டதுதான். அப்போது தகவல் போனது டெலிபிரிண்டரில், பெரிய எழுத்து மட்டும், குறியீடுகள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. பெயர் எழுதும் முறை குடும்பப் பெயர், ஒரு சாய்கோடு, முதல் பெயர், அதன் வாலில் மிஸ்டரோ மிஸ்ஸோ. இடையில் இடைவெளிகூடக் கிடையாது. செல்வம்எம்ஆர் பிறந்தது இப்படித்தான். மேலே பளபளவென்று செயலி இருந்தாலும் அடியில் இன்றும் அந்தச் சாய்கோடுதான், அதற்கு இரண்டு பக்கமும் ஏதாவது இருந்தே ஆகவேண்டும்.

இரண்டாவது விஷயம் மைல். இடம் பிடிக்கிற அமைப்பு வேறு, மைல் கணக்கு வைத்திருக்கிற அமைப்பு வேறு, கார்டில் பணம் எடுப்பது மூன்றாவது ஆள், டிக்கெட் எண் போடுவது நாலாவது படி. பல இடங்களில் வரிசை இப்படி: முதலில் மைலைக் கழி, அப்புறம் வரியை எடு, அப்புறம் பதிமூன்று இலக்க டிக்கெட் எண்ணைப் போடு. நடுவில் எது விழுந்தாலும் முந்தின படிகளைத் தானாகத் திருப்பிவிட வேண்டும். திருப்புகிற பகுதியைத்தான் யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை, ஏனென்றால் செயல்விளக்கக் கூட்டத்தில் அதை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு மனிதர் வரிசையில் உட்கார்ந்து கையால் மைலைத் திருப்பிப் போடுகிறார், அவருக்கு வர பத்தொன்பது நாள் ஆகிறது. அவர் திருப்பும்போது பழைய காலாவதித் தேதியும் கூடவே வருகிறது.

உங்களுக்குக் காட்டிய அந்த இடமே உண்மையில் இருந்ததா என்பதும் சந்தேகம். தேடல் பக்கம் காட்டுவது பெரும்பாலும் சற்று முன் எடுத்துவைத்த நகல். நிஜத்தில் இடம் போயிருக்கும், நகலில் இருக்கும். கடைசிப் பொத்தானில்தான் குட்டு வெளிப்படும்.


கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 7:48

எல்லோரும் நிறுவனத்தைத் திட்டுகிறீர்கள். மைல் உங்களுடையது என்று யார் சொன்னது? விதிமுறையைப் படித்துப் பாருங்கள், அது அவர்களுடைய சொத்து, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இருக்கும். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆட்வான்டேஜ் என்ற மைல் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்கு மைல். 2015இல் டெல்டா, யுனைடெட் விமான நிறுவனங்கள் கொடுத்த காசுக்குத்தான் மைல் என்று மாற்றின, அடுத்த வருடம் அமெரிக்கனும் மாறியது. இப்போது மைல் என்பது பெயர் மட்டும்தான். டெல்டா எந்த ஊருக்கு எத்தனை மைல் என்கிற அட்டவணையையே எடுத்துவிட்டது. விலை அவர்கள் வைப்பது.

இதில் பெரிய காசு பயணிகளிடம் இல்லை, வங்கிகளிடம். கார்டு நிறுவனங்களுக்கு மைலை மொத்தமாக விற்கிறார்கள். கொரோனா வந்து விமானமெல்லாம் தரையில் நின்ற 2020இல் யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி. விமானத்தைவிட மைலுக்குக் கடன் கிடைக்கிற தொழில் இது. கையில் சேர்த்து வைக்காதீர்கள், கிடைத்த அன்றே செலவழியுங்கள். எண்பதாயிரம் மைலைப் பரணில் போட்டு வைத்தது உங்கள் தப்பு.


வைகைத்தண்ணி
செவ்வாய், காலை 8:30

கணக்குப்பிள்ளை சார், செலவழிக்கப் போனபோதுதானே போனது? பரணில் இருந்தவரை பத்திரமாகத்தான் இருந்தது. விதிமுறையில் நீங்கள் மாற்றலாம் என்றிருப்பது வேறு, எடுத்துக்கொண்டு பொருளையும் தராமல் திருப்பித் தரும்போது குறைத்துத் தருவது வேறு. நம்ம ஊர் அண்ணாச்சி கடையில் சில்லறை பாக்கியை மறுநாள் கேட்டால் "அது நேற்றுக் கணக்கு" என்று சொல்வார்களா?


கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 8:41

அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 11,400ஐ விடாதீர்கள். அம்மாவின் மைலைத்தான் மறந்துவிடச் சொல்வேன், அது எவ்வளவு தேறும்?


வைகைத்தண்ணி
செவ்வாய், காலை 8:44

நாலாயிரம் தேறும். மைலுக்காக இல்லை சார். என் அம்மாவின் பெயர் சரியில்லை என்று மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள்.


சிங்கை_மீனா
செவ்வாய், மதியம் 2:05

நிரலர் சொன்ன சாய்கோட்டைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சிங்கப்பூரில் எங்கள் அடையாள அட்டையில் மகள் என்பதற்கு டி/ஓ என்றும் மகன் என்பதற்கு எஸ்/ஓ என்றும் அப்பா பெயருக்கு முன்னால் இருக்கும். குடும்பப் பெயர் கிடையாது, நடுவில் சாய்கோடு மட்டும் உண்டு. இணையதளம் அந்தக் கோட்டைக் கண்டாலே "எழுத்துகள் மட்டும்" என்று கத்தும். கோட்டை எடுத்துவிட்டு டிஓ என்று சேர்த்து எழுதினால் சில இடத்தில் அது என் நடுப்பெயராகிவிடும், சில இடத்தில் முதல் பெயரோடு ஒட்டி மீனாடிஓ. ஒரு தடவை விமான நிலையத்தில் மிஸ் டிஓ என்று மூன்று முறை கூப்பிட்டார்கள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும், எழுதித் தருகிறவரைவிட நேரில் இருக்கிறவர் பரவாயில்லை. நகரத்தில் இருக்கிற அவர்களுடைய டிக்கெட் அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போய் உட்கார்ந்தேன், அங்கிருந்த அம்மா பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார். இப்போது அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை.


ஒடியல்கூழ்
செவ்வாய், இரவு 9:30

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பெயர் இல்லாத பிரச்சினை இல்லை, கூடிப்போன பிரச்சினை. என்ர மாமாவின் பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்து இங்கிலிஷில் முப்பத்தைந்து எழுத்து. டிக்கெட்டில் பாதியில் வெட்டிப் போட்டார்கள். அங்கத்துவக் கணக்கில் முழுப்பெயர் இருக்கிறபடியால் ஒரு மைலும் ஏறவில்லை. தொலைபேசியில் கதைத்தபோது அந்தப் பிள்ளை, பெயரைச் சுருக்க ஏலாதோ என்று கேட்டுது. மாமா சொன்னார், "பிள்ளை, அறுபத்தெட்டு வருசமாய்ச் சுருக்கேல்லை, உங்கட பத்தாயிரம் மைலுக்குச் சுருக்கவோ?" அத்தோடை விட்டிட்டார்.


மில்வாக்கி_மாமா
புதன், காலை 5:55

சிகாகோ தம்பிக்கு உருப்படியாக ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்காவுக்கு வருகிற அல்லது இங்கிருந்து கிளம்புகிற விமானம் என்றால், வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் புகார் போடலாம். வழக்கறிஞர் வேண்டாம், காசு வேண்டாம். விமான நிறுவனம் 30 நாளுக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், 60 நாளுக்குள் விஷயத்தைத் தொட்டு பதில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. துறை உங்களுக்காக வாதாடாது, ஆனால் அங்கே வருகிற புகாரைப் படிப்பவர் போனில் பாட்டுப் போடுகிற ஆள் இல்லை. மைல் திட்டங்கள் மேல் துறைக்கே ஒரு கண் இருக்கிறது, 2024 செப்டம்பரில் அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் நாலு பேரையும் இதுபற்றி விவரம் கேட்டு எழுதினார்கள்.

எழுதும்போது அம்மா, அம்மாச்சி, பால்காரர் எல்லாம் வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை மைல் எடுத்தார்கள், எத்தனை திரும்பியது, எத்தனை குறைகிறது. அடுத்து, உங்கள் உதவிப் பக்கம் இப்படிப் போடச் சொன்னது, உங்கள் தொலைபேசி ஊழியர் இப்படிப் போட்டார், இரண்டும் நீங்கள் சொன்னதுதான். உதவிப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வை, புகார் போனபிறகு மாறிவிடும். அதோடு உனக்கு என்ன வேண்டும் என்பதையும் ஒரு வரியில் கேள். பாதிப் பேர் திட்டிவிட்டு என்ன வேண்டும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.


டிக்கெட்_அண்ணாச்சி
புதன், காலை 10:12

மாமா சொல்வது சரி. நம் ஊரிலிருந்து போடுகிறவர்களுக்கு ஒன்று, டெபிட் கார்டில் பணம் போய் டிக்கெட் வராமல் இருந்தால் வங்கியைப் பிடியுங்கள். ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதிப்படி ஐந்து நாளில் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரவேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டு வாங்கியிருக்கிறார். மைலுக்கு அப்படி ரிசர்வ் வங்கி இல்லையே, அதுதான் வினை.


வைகைத்தண்ணி
வெள்ளி, இரவு 12:20

போட்டுவிட்டேன். பால்காரரை எடுத்துவிட்டேன், அம்மாச்சியை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. ஒரு வரி இருக்கட்டும்.


கரிசல்காட்டான்
இரண்டு வாரம் கழித்து

என்ன ஆச்சு?


வைகைத்தண்ணி
அதற்கு ஒன்பது நாள் கழித்து

பதில் வந்தது, 23 நாளில். 11,400 மைல் கணக்கில் ஏறிவிட்டது, "நல்லெண்ண அடிப்படையில்" என்று எழுதியிருக்கிறார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் நல்லெண்ணமாம், இருக்கட்டும். டிக்கெட்டில் கூடுதலாகக் கொடுத்த 16,000 ரூபாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைல் டிக்கெட் உறுதியாகவில்லை, அதனால் பொறுப்பில்லை என்று ஏற்கெனவே போனில் சொன்னதுதான். அதை அப்படியே விடுவதாக இல்லை, மாமாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் கணக்கும் சரியாகிவிட்டது, அதாவது அவர்கள் முறைப்படி சரி. பெயரை டிக்கெட்டில் உள்ளபடி மாற்றி, வந்த பயணத்துக்கான மைலைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு வாரம் இரண்டு மெயில் வருகிறது. எஃப்என்யூவைச் சேர்த்துப் படித்தால் ஃபுனு, எல்லாம் "அன்புள்ள ஃபுனு" என்று தொடங்குகிறது. ஃபுனு, உங்களுக்காகக் காத்திருக்கும் கடற்கரைகள். ஃபுனு, உங்கள் மைல்களை இரட்டிப்பாக்குங்கள். நேற்று சாப்பிடும்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார், "யாருப்பா அந்தப் பொம்பளை? நம்ம மைலை அவளுக்கா குடுத்துட்டாங்க?"


டிக்கெட்_அண்ணாச்சி
அன்றே, காலை 9:40

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். திரும்பிப் போகிற டிக்கெட்டில் உறுப்பினர் எண்ணைச் சேர்த்துவிட்டாயா? இப்போதே செய்துவிடு, அப்புறம் மறுபடி விண்ணப்பம் போட்டுக்கொண்டு நிற்காதே.


வைகைத்தண்ணி
அன்றே, காலை 9:52

எண்ணைப் போட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன் அண்ணாச்சி. வட்டம் சுற்றிக்கொண்டு இருக்கிறது.